நீளப் பட்டியலா, ஆறு வரியா, மணிக் கட்டமா?

ஆடிட்டர் ஆபீஸில் மாதத்தை ஆள்பவை மூன்று தேதிகள். 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரி) கட்ட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரம், 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற வரிக் கணக்குச் சுருக்கம். தவறினால் வட்டி, தாமதக் கட்டணம் என்று வாடிக்கையாளர் தலையில்தான் விழும். அதனால் எங்கள் தொழிலில் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போடாதவரே கிடையாது. ஆனால் காலையில் போட்ட பட்டியலைச் சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் பாதி அப்படியே கிடக்கும். பத்து வருடமாக ஒவ்வொரு முறையாக மாற்றிப் பார்த்ததில் எது எங்கே உதவுகிறது என்று எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது.

முதலில் எல்லோரும் போடும் நீளப் பட்டியல். நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு, நினைவுக்கு வந்ததையெல்லாம் வரிசையாக எழுதுவது. எதுவும் மறந்துபோகாது என்பது இதில் உள்ள பெரிய நிம்மதி. அந்த ஒன்றுக்காகவே இதைக் கைவிட முடியாது. ஆனால் இருபத்து மூன்று வரி எழுதிவிட்டு உட்கார்ந்தால் கை தானாகச் சுலபமானதைத் தேடுகிறது. கூரியர் அனுப்பியாச்சு, டிக். ரீசார்ஜ் செய்தாச்சு, டிக். மூன்று மணி நேரம் கேட்கும் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு மட்டும் நாலு நாளாக அதே இடத்தில் இருக்கும். எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை இந்தப் பட்டியல் சொல்கிறது. இன்றைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. போன் செயலியில் போட்டாலும் இதே கதைதான். கூடவே நிலுவை எண்ணிக்கை சிவப்பில் ஏறிக்கொண்டே போகும்.

இதில் சோம்பேறித்தனத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிப்பதில் மனிதர்கள் பொதுவாகவே தவறுகிறார்கள். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் இதற்குத் ‘திட்டமிடல் பிழை’ (planning fallacy) என்று தனிப்பெயரே வைத்தார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்று மாணவர்கள் சொன்னார்கள். ஆனது 55.5 நாள். நம் இருபத்து மூன்று வரியும் அதே கணக்கில்தான் எழுதப்படுகிறது.

அடுத்தது ஆறு வரி. 1918-இல் பெத்லஹேம் ஸ்டீல் தலைவர் சார்லஸ் ஷ்வாபுக்கு ஐவி லீ என்ற ஆலோசகர் சொல்லிக்கொடுத்ததாக ஒரு கதை உண்டு. மாலையில் மறுநாளைக்கான ஆறு வேலைகளை முக்கியத்துவ வரிசையில் எழுது. காலையில் முதல் வேலையில் தொடங்கு, அது முடியாமல் இரண்டாவதைத் தொடாதே. மிஞ்சியதை அடுத்த நாள் ஆறில் சேர். மூன்று மாதம் கழித்து லீக்கு 25,000 டாலர் காசோலை வந்ததாம். காசோலைக் கதை எப்படியோ போகட்டும், முறை நல்ல முறை.

எனக்கு இது பிடிபட்டது ஒரு காலண்டரால். எங்கள் ஆபீஸ் சுவரில் நகைக்கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. முன்பக்கம் தேதி, நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கம் வெறும் வெள்ளை. காலையில் கிழித்து மேசையில் வைத்த தாளை மாலை ஆறு மணிக்குத் திருப்பிப் போட்டு மறுநாள் வேலையை எழுதத் தொடங்கினேன். என் கையெழுத்துக்கு ஆறு வரிக்கு மேல் அதில் இடமில்லை. இன்னொன்று நுழைய வேண்டுமென்றால் ஒன்றை அடித்தாக வேண்டும். அந்தச் சின்னத் தாளின் கண்டிப்பு எந்தச் செயலியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

மாலையில் எழுதுவதற்கு இன்னொரு பலனும் உண்டு. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள்.

ஆனால் ஆறு என்ற எண்ணில் எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுக்கப் போன் வரும் வேலையில் நான்கு எழுதினால் போதும். மீதி இரண்டு வரி, “அக்கா, பேங்க்ல லோனுக்கு பேப்பர் கேக்குறாங்க, அவசரம்” என்று வந்து நிற்பவர்களுக்கு. அவர்கள் வராத நாள் எனக்கு நினைவில்லை.

மூன்றாவது, மணிக் கட்டம். 10 முதல் 11 வரை இது, 11 முதல் 12 வரை அது என்று நாளையே கட்டம் போட்டுப் பிரிப்பது. நேரத்தை நேரே கண்ணில் காட்டுவதால், திட்டமாக எழுதும்போது மிக நேர்மையான முறை இதுதான். பாடவேளை உள்ள ஆசிரியருக்கும், தனியாக உட்கார்ந்து எழுதுபவருக்கும் பொருந்தும். எங்களுக்கு 10.20-க்கு ஒரு போன் வந்தால் அன்றைய கட்டங்கள் எல்லாமே சரிந்துவிடும். நான் இதிலிருந்து ஒரே ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்: காலை 9 முதல் 10.30 வரை, தாளின் முதல் வரிக்கு. அந்த நேரத்தில் கடைக்காரர்கள் அவர்கள் வியாபாரத்தில் இருப்பார்கள், போன் குறைவு.

நான்காவது, பலகை. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ வளர்த்த கான்பான் முறையின் வழித்தோன்றல். ‘செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது’ என்று மூன்று பத்தி, நடப்பதில் இத்தனைக்கு மேல் கூடாது என்ற வரம்பு. தனி ஆளுக்கு இது அதிகப்படி. நாலு பேர் நாற்பது வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் 18, 19, 20 தேதிகளில் இதற்கு ஈடே இல்லை. யார் கையில் எந்தக் கோப்பு நிற்கிறது என்று யாரையும் கேட்காமலே தெரிகிறது. அந்த மூன்று நாளும் நான் காலண்டர் தாளை எடுப்பதே இல்லை.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஐசன்ஹோவர் பெயரில் சொல்லப்படும், வேலைகளை அவசரமா, முக்கியமா என்று பிரிக்கும் நான்கு கட்டங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எதை விடலாம் என்று யோசிக்க உதவும். கெடு உள்ள தொழிலில் எல்லாமே ‘அவசரம், முக்கியம்’ என்ற முதல் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

எந்த முறையாக இருந்தாலும், வரியை எப்படி எழுதுகிறோம் என்பதுதான் பாதி வேலை. ஒரு மாதம் ‘ஜவுளிக்கடை ரிட்டர்ன்’ என்று நாலு நாள் தொடர்ந்து எழுதினேன், நகரவே இல்லை. கொள்முதல் பில்லே வரவில்லை, பிறகு எப்படி ரிட்டர்ன் போடுவது? ஐந்தாம் நாள், ‘10.30-க்கு ஜவுளிக்கடை கணக்குப்பிள்ளைக்கு போன், கொள்முதல் பில் கேட்பது’ என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது, மத்தியானம் பில்கள் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. எப்போது, எங்கே, எதை என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த விஷயம்.

இப்போது என்னிடம் இரண்டு இருக்கின்றன. நீளப் பட்டியல் நோட்டில் இருக்கிறது, அலமாரிக்குள். மாலை ஆறு மணிக்கு மட்டும் அதைத் திறந்து, நாலு வரியைத் தாளுக்கு மாற்றிவிட்டு மூடிவிடுவேன். பகலில் புதிதாக வரும் வேலை நேராக நோட்டுக்குப் போகும். உண்மையிலேயே இன்று முடிய வேண்டியதுக்கு மட்டும்தான் தாளின் கீழ் இரண்டு வரி. ஒரே வேலையை மூன்றாம் முறை தாளில் எழுத நேர்ந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு, அதில் யாருடைய பில், யாருடைய கையெழுத்து பாக்கி என்று பார்த்து அவருக்குப் போன் போடுகிறேன்.