டெம்ப்ளேட் ஃபைல்களோடு சில வருடங்கள்: எது நிலைத்தது, எது உதிர்ந்தது

என் குறிப்புகளும் வேலைத் திட்டங்களும் மார்க்டவுன் ஃபைல்களாக, அதாவது தலைப்பு, பட்டியல் போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் வெற்று உரை ஃபைல்களாக இருக்கின்றன. எழுதுவது அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியில். எந்தக் குறிப்பையும் வெற்றுப் பக்கத்தில் தொடங்குவதில்லை. அந்த வகைக்கென வைத்திருக்கும் டெம்ப்ளேட்டை, அதாவது முன்பே தயாரித்த மாதிரி வடிவத்தை இறக்கி, அதன் மேல்தான் எழுதுகிறேன். சில வருடங்கள் இப்படியே ஓடிய பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: குறிப்பு எழுதும்போது டெம்ப்ளேட் மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சம்தான். பல மாதம் கழித்து அதே ஃபைலைத் திறக்கும்போதுதான் அது கைகொடுக்கிறது.

அதிகம் உழைத்தது திட்டங்களுக்கான டெம்ப்ளேட். அதில் நான்கே கேள்விகள். இதை ஏன் தொடங்குகிறேன்? எது நடந்தால் இது முடிந்த மாதிரி? இப்போது எங்கே நிற்கிறது? அடுத்து கை வைக்க வேண்டியது எதில்? முதல் இரண்டையும் தொடங்கும் நாளிலேயே நிரப்பிவிடுவேன். மற்ற இரண்டையும் ஒவ்வொரு முறை வேலையை நிறுத்தும்போதும் மாற்றி எழுதுவேன்.

இவற்றில் இரண்டாவது கேள்விக்கு மதிப்பு அதிகம். பழைய புகைப்படங்களை ஒழுங்குபடுத்துவது போன்ற வேலைக்கு இயல்பான எல்லை கிடையாது. படங்களுக்குப் பெயர் வைக்கலாம், நிறம் திருத்தலாம், ஆல்பம் ஆல்பமாகப் பிரித்துக்கொண்டே போகலாம். ‘எல்லாப் படங்களும் ஆண்டுவாரி ஃபோல்டருக்குள் போய்விட வேண்டும், இரட்டைப் பிரதிகள் நீங்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலைக்கு வேலி விழுந்துவிடுகிறது. நான்காவது கேள்விக்கும் பதில் குறிப்பாக இருக்க வேண்டும். ‘அறிக்கை’ என்று மட்டும் எழுதி வைத்தால் திரும்பி வரும்போது மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். ‘மூன்றாம் பகுதி அட்டவணையில் விடுபட்ட எண்களை நிரப்பு’ என்று இருந்தால் நேராக அங்கே போய் உட்காரலாம்.

கருவிகளைப் பற்றி. அப்சிடியனுடன் கூடவே வரும் டெம்ப்ளேட் பிளகினை (செயலிக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்) அமைப்புகளில் இயக்கி, டெம்ப்ளேட்டுகள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் போதும். குறிப்பின் தலைப்பு, தேதி, நேரம் மூன்றையும் அதுவே இட்டுக்கொள்ளும். என் பயன்பாட்டில் பெரும்பகுதிக்கு இந்த மூன்றே போதுமாக இருக்கிறது. டெம்ப்ளேட்டர் என்ற தனி பிளகினும் உண்டு. குறிப்பிட்ட ஃபோல்டரில் புது ஃபைல் உருவானதும் அதற்குரிய டெம்ப்ளேட்டைத் தானே போடும், நம்மிடம் கேள்வி கேட்டுப் பதிலை நிரப்பும். அந்தத் தானியங்கி வசதிக்காக மட்டும் அதை வைத்திருக்கிறேன். அது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரலையும் இயக்கும் என்பதால், யாரோ எழுதிய டெம்ப்ளேட்டை வரி வரியாகப் படிக்காமல் கொண்டுவந்து போடுவது சரியல்ல. இன்னொன்று, டெம்ப்ளேட்டரின் கட்டளைகளால் நிறைந்த ஃபைல் வேறு செயலியில் வெறும் குறியீட்டுக் குவியலாகத்தான் தெரியும். எளிய டெம்ப்ளேட்டை எந்த எடிட்டரிலும் நகலெடுத்துப் பயன்படுத்தலாம்.

ஃபைல் பெயரின் முன்னால் தேதியை 2025-02-07 என்று, ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர வடிவில் வைக்கிறேன். ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வருவதால், பெயர்வாரியாக அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும். ஃபைலை வேறு கணினிக்கு நகலெடுத்து, திருத்திய தேதி மாறிப்போனாலும் கவலையில்லை.

தமிழில் குறிப்பெழுதுகிறவர்களுக்கு டெம்ப்ளேட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. தேடுபெட்டியில் ‘கூட்டம்’ என்று போட்டால் ‘கூட்டத்தில்’, ‘கூட்டத்துக்கு’ என்று எழுதிய வரிகள் அகப்படாது. ‘கூட்ட’ என்று சுருக்கினால் கூட்டல், கூட்டணி, கூட்டுறவு எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். டெம்ப்ளேட்டின் தலைப்பகுதியில் (ஃபைலின் உச்சியில் விவரங்கள் எழுதும் இடம்) ‘வகை: கூட்டம்’ என்று மாறாத ஒரு வரி இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை, அந்த வரியை இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டு அப்படியே தேடினால் கூட்டக் குறிப்புகள் வரிசையாக வரும். உள்ளே எந்த வேற்றுமை உருபோடு எழுதியிருந்தாலும் சரி. இந்த ஒரு காரணத்துக்காகவே தமிழ்க் குறிப்புகளுக்கு டெம்ப்ளேட் அவசியம் என்பேன்.

தலைப்பகுதியில் ‘வகை’ போன்ற விவர வரிகள், அதாவது புலங்கள், எத்தனை வைக்கலாம் என்பதற்கு என் அளவுகோல் எளிது. தொடர்ந்து காலியாகவே கிடக்கும் புலத்தை டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன். அப்படி உதிர்ந்தவை முன்னுரிமை, மனநிலை, எதிர்பார்க்கும் நேரம் போன்றவை. நிலைத்தவை வகை, நிலை, தொடங்கிய தேதி, தொடர்புடைய திட்டம். நிரப்பாத புலங்கள் பத்து கிடந்தால் கண் நிரப்பிய புலங்களையும் தாண்டிப் போய்விடுகிறது. புத்தகக் குறிப்புக்கான டெம்ப்ளேட்டில் இப்போது தலைப்பு, ஆசிரியர், ‘இதில் எனக்குப் புதிது என்ன’ மூன்றுதான். தினக்குறிப்புக்கு டெம்ப்ளேட் என்று பெரிதாக ஒன்றுமில்லை; தேதியும் ஒரு தலைப்பும், அவ்வளவே.

நீண்டநாள் பயன்பாட்டில் உண்மையான குறை ஒன்று இருக்கிறது. டெம்ப்ளேட்டை மாற்றினால் இனி உருவாகும் ஃபைல்கள்தான் மாறும், ஏற்கெனவே இருப்பவை பழைய வடிவத்திலேயே நிற்கும். ‘நிலை’ என்ற புலத்தை நடுவில் ‘தற்போதைய நிலை’ என்று மாற்றினால் குறிப்புகள் இரண்டாகப் பிரிந்துவிடும். அதனால் புலத்தின் பெயரைச் சின்னதாக, பொதுவாக வைப்பது நல்லது. மாற்றியே ஆக வேண்டுமென்றால், அப்சிடியனில் எல்லாப் புலங்களையும் பட்டியலிடும் பக்கவாட்டுப் பகுதியிலிருந்து அந்தப் பெயரை மொத்தமாக மாற்றலாம். 2023-இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து தலைப்பகுதிப் புலங்களுக்குத் தனி முகப்பு கிடைத்த பிறகு இந்த வேலை வெகுவாக எளிதாகிவிட்டது. ஆனால் பத்திகளுக்கு இடையே வரும் தலைப்புகளை அப்படி மாற்ற முடியாது. மாற வாய்ப்புள்ள எதையும் புலமாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்சிடியன் இல்லாமலும் இந்தப் பழக்கம் சாத்தியம். லினக்ஸில் க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழலைப் பயன்படுத்துகிறவர்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரில் ஒரு ஃபைலைப் போட்டால், வலது கிளிக்கில் புதிய ஆவணம் என்ற பட்டியலில் அது வந்துவிடும். மேக்கில் ஒரு ஃபைலின் தகவல் பெட்டியைத் திறந்து ஸ்டேஷனரி பேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த முறை அதைத் திறக்கும்போது நகல்தான் திறக்கும். விண்டோஸில் இதற்கு ரெஜிஸ்ட்ரியில், அதாவது கணினியின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் இடத்தில், கை வைக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்கு, ஒரு ஃபைலை நகலெடுத்துப் பெயர் மாற்றுவதே மேல்.

பெரிய திட்டமென்றால் ஒரு ஃபைல் போதாது, ஃபோல்டர் முழுவதையுமே டெம்ப்ளேட்டாக வைத்திருக்கிறேன். அதற்குள் ‘வந்தவை’, ‘வரைவுகள்’, ‘அனுப்பியவை’ என மூன்று உள்ஃபோல்டர்களும், மேலே சொன்ன நான்கு கேள்விகள் கொண்ட ஒரு ஃபைலும் இருக்கும். ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: அது காலி ஃபோல்டரைச் சேமிக்காது. ஒவ்வொன்றுக்குள்ளும் ‘இங்கே என்ன வைக்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிய சிறு ஃபைலைப் போட்டுவிட்டால் ஃபோல்டரும் தங்கும், பிறகு திட்டத்தில் சேருகிறவருக்கும் எதை எங்கே வைப்பது என்று தெரியும்.