மாடி அறைக் கணினியும் இரண்டு லேன் கார்டுகளும்

பாளையங்கோட்டையில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கும் சின்ன ஸ்டூடியோ எங்களுடையது. கீழே கடையில் மூன்று கணினிகள், மொட்டைமாடி அறையில் இரண்டு. படங்கள் அத்தனையும் மாடியில் ஒரே கணினியில் கிடக்கும்; மற்றவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். 2018 ஐப்பசியில் ஒரு மாலை விழுந்த இடியில் அந்த மாடிக் கணினியின் மதர்போர்டில் (தாய்ப்பலகையில்) நெட்வொர்க் கேபிளைச் செருகும் லேன் போர்ட் செத்துப்போனது. கணினி ஓடியது, கேபிளைச் செருகினால் விளக்குதான் எரியவில்லை. மதர்போர்டை மாற்ற மனமில்லாமல், ரியல்டெக் 8111 சிப் வைத்த பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் கார்டு (மதர்போர்டின் செருகுவாயில் பொருத்தும், தனி லேன் போர்ட் உள்ள அட்டை) ஒன்றை ஐநூறு ரூபாய்க்குள் வாங்கிப் பொருத்தினேன்.

முதல் நாளே வம்பு. விளக்கு எரிகிறது, இணையம் வருகிறது, ஆனால் கீழேயுள்ள எந்தக் கணினிக்கும் படங்கள் தெரியவில்லை. மட்டமான கார்டு என்று நான் திட்டிக்கொண்டிருந்தபோது, கடையில் வேலை பார்க்கும் தம்பி கேட்டான்: “அண்ணாச்சி, ரவுட்டரில் பழைய கார்டின் எண்தானே பதிந்திருக்கிறது?” அதேதான். ஒவ்வொரு கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே 48 பிட் மேக் எண் ஒன்று எழுதப்படுகிறது. முன்பாதி தயாரிப்பாளரைச் சொல்லும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் கணினிகளை இணைக்கும் ரவுட்டர், மாடிக் கணினிக்கு நிலையான ஐபி முகவரி (மற்றவை அதைத் தேடிவரும் விலாசம்) கொடுத்துவந்தது. புது எண், புது முகவரி. மற்றவை பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருந்தன.

அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் கார்டு உள்ளே இருப்பதே மறந்துபோனது. சும்மா இருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும் தொல்லை மட்டும் கொஞ்ச நாள் இருந்தது; மின்சேமிப்புக்காகக் கார்டை அணைக்கும் அமைப்பை எடுத்துவிட்டதும் தீர்ந்தது.

2021 தை முகூர்த்த நெரிசலில் திடீரென்று எல்லாம் மந்தமாகிவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் இறங்கும் 4 ஜிபி ஆல்பம் ஆறு நிமிடம் எடுத்தது. இணைப்பின் வேகம் 1000 எம்பிபிஎஸ்ஸுக்குப் (நொடிக்கு மெகாபிட்) பதில் 100 என்று காட்டியது. மறுபடியும் கார்டைச் சந்தேகித்தேன். கேபிளைத் தடவிக்கொண்டே போனால், ஜன்னல் ஓரத்தில் அணில் கடித்த இடம்: பழுப்பு ஜோடிக் கம்பி இரண்டும் அறுந்திருந்தன. கேபிளில் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு; 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், 1000 என்கிற ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கார்டு பாவம், மிஞ்சியதை வைத்து ஓட்டியிருக்கிறது.

2022இல் மறுபடியும் இடி. இந்த முறை கார்டு போனது, மதர்போர்டு பிழைத்தது. பலியாகத்தான் அதை வைத்தேன் என்று பெருமையடித்துக்கொள்ளலாம், அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். லேன் போர்ட்டில் 1500 வோல்ட் தாங்கும்படி சின்ன டிரான்ஸ்பார்மர் தடுப்பு உண்டு. மொட்டைமாடியில் வெட்டவெளியாக ஓடும் செம்புக் கேபிளில் மின்னல் தூண்டும் அழுத்தத்துக்கு அது எம்மாத்திரம்? மேற்கே மலைப்பக்கம் இருட்டினாலே மாடிக்கு ஓடிக் கேபிளைப் பிடுங்குவது எங்கள் வழக்கமாயிற்று.

அதே வகைக் கார்டையே மறுபடி வாங்கினேன். கூடவே வெளியே ஓடும் பகுதியை மட்டும் ஃபைபராக மாற்றி, இரு முனையிலும் மின்சைகையை ஒளியாகவும் ஒளியை மின்சைகையாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைத்தேன். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. இதற்கான செலவில் இப்படி எட்டுக் கார்டு வாங்கியிருக்கலாம். கார்டு இன்றுவரை ஓடுகிறது. போன மாதம் போனது கன்வெர்ட்டரின் அடாப்டர்தான்.