பேட்டரி கெடுவதை முதலில் காட்டிக்கொடுப்பது எது?

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத்திணறி அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அதிலிருந்து, வண்டி வாங்கப் போகிறவர்களிடம் மைலேஜுக்கு முன்னால் ஒன்றைக் கேட்கச் சொல்கிறேன்: பேட்டரி கெட ஆரம்பித்தால் வண்டிக்கு அது எப்போது தெரியும்?

பெரும்பாலான வண்டிகளில் இருப்பது வெப்ப சென்சார். பெட்டிக்குள் செல்கள் பல பத்து, சென்சார்களோ சில. தள்ளியிருக்கும் செல் சூடானால், அந்தச் சூடு சென்சாருக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். அதுவும் நம்மூர் அக்னி நட்சத்திரத்தில், காட்பாடி ஸ்டேஷன் பக்கம் பகல் முழுக்க வெயிலில் நின்ற வண்டி, ஒரு கோளாறும் இல்லாமலே கொதிக்கும். எத்தனை டிகிரி என்பதோடு, ஒரு சென்சார் மட்டும் ஏன் ஏறுகிறது என்றும் பார்க்கிற பிஎம்எஸ்தான் (பேட்டரியைக் கண்காணித்து நிர்வகிக்கும் மின்னணு அமைப்பு) இங்கே உதவும்.

நான் அதிகம் நம்புவது செல் வோல்டேஜை. உள்ளுக்குள் நுண்ணிய ஷார்ட் இருக்கும் செல், வண்டி சும்மா நிற்கும்போதே சார்ஜை இழக்கும். ராத்திரி முழு சார்ஜோடு நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால், மற்றவை அப்படியே இருக்க ஒரு தொகுதி (இணையாகக் கோர்த்த சில செல்கள்) மட்டும் சில மில்லிவோல்ட் இறங்கியிருக்கும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். சூடு கிளம்புவதற்கு வெகு முன்பே கிடைக்கக்கூடிய துப்பு இது. ஆனால் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் கவனம் வேண்டும்: சார்ஜ் 30 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் அதன் வோல்டேஜில் பெரிய வித்தியாசம் இருக்காது. நடுவில் பார்த்து "எல்லாம் சமம்" என்று திருப்திப்பட்டால் ஏமாந்துபோவோம்; சார்ஜ் நிறையும்போதோ தீரும்போதோதான் குட்டு வெளிப்படும். பிஎம்எஸ் மற்ற செல்களை இறக்கிச் சமன் செய்து, இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுவதும் உண்டு. அதனால் எந்தச் செல்லுக்காக அடிக்கடி சமன் செய்கிறது என்ற பதிவையும் பார்க்க வேண்டும்.

வாயு சென்சார் தாமதமாகத்தான் பேசும். செல்லின் வால்வு திறந்து எலக்ட்ரோலைட் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் வந்த பிறகுதான் அதற்குத் தெரியும். பேட்டரியைக் காப்பாற்ற அது போதாது. ஆனால் தூங்குகிறவர்களை எழுப்பி வெளியே அனுப்ப அது தரும் கொஞ்ச நேரமும் உதவும் என்பதால், சார்ஜ் போடும் இடத்தில் அதற்கு மாற்று இல்லை.

இம்பீடன்ஸ் சோதனை (செல்லின் உள் மின்தடையை அளப்பது) பட்டறை வேலை, தினசரிக்கு ஆகாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் மட்டும் அதைக் கேட்கலாம். அது கிடைக்காத இடத்தில், முந்தின இரவு முழு சார்ஜ் போடச் சொல்லிவிட்டு, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு தொகுதியின் வோல்டேஜையும் திரையில் காட்டச் சொல்லுங்கள்.