லெப்டினன்ட்டின் நீலக் கோட்டு: வீட்டில் தைப்பவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியின் சீருடையை வீட்டிலேயே தைக்க முனைபவர், கத்தரியைக் கையில் எடுப்பதற்கு முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்: எந்த ஆண்டு, எந்தப் பதவி. அதிகாரிகளுக்கென்று சீருடை முதன்முதலாக வகுக்கப்பட்டது 1748-இல் என்றாலும், இந்தக் காலகட்டத்துக்குப் பொருந்துபவை 1787, 1795, 1812 ஆகிய ஆண்டுகளின் விதிகள்தாம். 1795-இல்தான் தோளணிகள் வந்தன. கேப்டன் பதவியில் மூன்றாண்டு நிறைந்தவருக்கு இரண்டு தோள்களிலும், நிறையாதவருக்கு வலத் தோளில் மட்டும், கமாண்டருக்கு இடத் தோளில் மட்டும் என்பது அன்றைய ஏற்பாடு. லெப்டினன்ட்டுக்கு 1812 வரை தோளணியே கிடையாது. அந்த ஆண்டின் விதிதான் அவருக்கு வலத் தோளில் ஒன்றைத் தந்தது. பொத்தானில் இருந்த கயிறு சுற்றிய நங்கூரத்தின் மேல் கிரீடம் ஏறியதும் அப்போதுதான். ஆகவே கிரீடப் பொத்தான் வைத்த கோட்டை 1805-ஆம் ஆண்டின் டிரஃபால்கர் போருக்கு உரியதென்று சொல்ல வழியில்லை. எத்தனை அழகாகத் தைத்திருந்தாலும் அந்த ஒரு பொத்தான் அதைப் பொய்யாக்கிவிடும்.

பெரும்பாலோரின் மனம் முதலில் நாடுவது கேப்டனின் முழு அலங்காரக் கோட்டை: மார்புப் பட்டைகள், கழுத்துப்பட்டி, கைமுனை, பைமூடி என எங்கும் பொன் லேஸ் ஓடும் கோட்டு. அதற்கு எதிராக நான் பரிந்துரைப்பது, 1787 முதல் 1812 வரை வழக்கில் இருந்த லெப்டினன்ட்டின் அன்றாடக் கோட்டு. நீலக் கோட்டு, நீல மார்புப் பட்டைகள், ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கரை. அதற்கு மேல் அலங்காரம் ஏதுமில்லை. இது எளியவருக்கான இரண்டாந்தரத் தேர்வு அன்று. கடலில் உண்மையாகவே அணியப்பட்டவை அன்றாடக் கோட்டுகள்தாம். கிரீன்விச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இடத் தோளில் குண்டுத் துளையுடன் காக்கப்படும், டிரஃபால்கரில் பிரிட்டிஷ் கடற்படையை நடத்திய நெல்சனின் கோட்டும் வைஸ் அட்மிரலின் அன்றாடக் கோட்டே. லேஸ் மலிந்த கோட்டில் செலவின் பெரும்பங்கு லேசுக்கும் தோளணிக்கும் போய்விடுவதால், துணியில் மிச்சம் பிடிக்கும் ஆசை வருகிறது. அந்த ஆசைக்கு இடம் கொடுத்த பிறகு எந்தப் பொன்னும் கோட்டைக் காப்பாற்றாது.

துணிக்கு வருவோம், எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுவே. வீட்டில் தைப்பவர் முன் பொதுவாக மூன்று வகைகள் இருக்கின்றன: அசல் முறையில் செய்யப்பட்ட பிராட்கிளாத் கம்பளி, மெல்டன் கம்பளி, பாலியெஸ்டர் கலந்த கேபர்டின். பிராட்கிளாத்தைத் தேவையான அகலத்தைவிட மிக அகலமாக நெய்து, நீரிலிட்டு அடித்துச் சுருக்கி, இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணையும்வரை இறுக்குவார்கள். பிறகு மேற்பரப்பில் பஞ்சை எழுப்பி, அதை ஒரே மட்டமாகக் கத்தரிப்பார்கள். இந்தப் பக்குவத்துக்குப் பின் நெசவு கண்ணுக்குத் தெரியாது. வெட்டிய விளிம்பு பிரியவும் பிரியாது. அக்காலத் தையற்காரர் கோட்டின் கீழ்விளிம்பை மடிக்காமல் வெட்டியது வெட்டியபடியே விட முடிந்ததற்கு இதுதான் காரணம். அந்தக் கூர்மையான, தட்டையான விளிம்பே அக்காலக் கோட்டின் முதல் அடையாளம் என்பேன்.

மெல்டனும் இதே போல் அடித்து இறுக்கப்பட்டதுதான். ஆனால் பெரும்பாலும் தடிமன் கூடியது, மேற்பரப்பு மங்கலானது. நல்ல மெல்டனும் விளிம்பைத் தாங்கும், மோசமானது தாங்காது. ஒரு மூலையை வெட்டி நகத்தால் நன்றாகச் சுரண்டிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்: நூல் கிளம்பினால் அத்துணி இந்த வேலைக்கு ஆகாது. தடிமனான மெல்டனில் மார்புப் பட்டையும் கழுத்துப்பட்டியும் கூடும் இடத்தில் நான்கைந்து அடுக்குகள் சேர்ந்து புடைத்து நிற்கும் என்பதால், இயன்றவரை மெல்லியதையே தேட வேண்டும். நைலான் அதிகம் கலந்ததைத் தவிர்ப்பது நல்லது. இஸ்திரிப் பெட்டி பட்ட இடம் பளபளத்துவிடும்.

பாலியெஸ்டர் கேபர்டின் விலையில் வெல்கிறது, மற்ற எல்லாவற்றிலும் தோற்கிறது. அதன் சாய்வரி நெசவு தூரத்திலிருந்தே தெரியும். விளிம்பு பிரியும் என்பதால் எல்லாவற்றையும் மடித்துத் தைக்க வேண்டும். மடித்த விளிம்பு உருண்டு தடிக்கும். அதைவிடப் பெரிய குறை, அது ஆவிக்கு வளைந்து கொடுக்காது. கம்பளியை ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டால் ஓரிடத்தில் சுருங்கவும் வேறோரிடத்தில் நீளவும் செய்யும். கையின் மேற்பகுதியில் மிகையாக இருக்கும் துணியைச் சுருக்கமே தெரியாமல் கைக்குழிக்குள் அடக்குவதும், முதுகின் வளைவை வாங்குவதும் இந்தக் குணத்தால்தான். மேடையில் ஒரு மாலை மட்டும் அணிவதற்கு கேபர்டின் போதும். அருகில் நின்று பார்ப்பவருக்காகத் தைப்பதென்றால் பிராட்கிளாத், அது கைக்கு எட்டாவிட்டால் நெருக்கமான மெல்டன் என்பதே என் முடிவு. 150 சென்டிமீட்டர் அகலத்தில் கோட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 3 மீட்டர் வேண்டும். எல்லாத் துண்டுகளையும் பஞ்சு கீழ்நோக்கிப் படியும்படி ஒரே திசையில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே துணி இரண்டு நீலங்களாகத் தெரியும். நிறத்தைப் பொறுத்தவரை, அன்று அவுரியில் தோய்த்த நீலம் ஆழமானது; ஆனாலும் இன்றைய கடைகளில் கருப்பையொட்டி விற்கப்படும் நேவி நீலம் அளவுக்குக் கருத்ததன்று.

வெட்டுமாதிரியில் மூன்று வழிகள் உண்டு. இன்றைய வால்கோட்டு ஒன்றை வாங்கித் திருத்துவது எளிதாகத் தோன்றும். ஆனால் அதன் இடுப்புத் தையலே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1800-ஐ ஒட்டிய கோட்டில் இடுப்பைச் சுற்றித் தையல் இல்லை. மார்பும் வாலும் ஒரே துண்டாகத் தோளிலிருந்து கீழே இறங்குகின்றன. தோள் தையல் உச்சியில் அமையாமல் முதுகுப் பக்கம் தள்ளியிருக்கும். முதுகுத் துண்டு வியக்கத்தக்க அளவுக்குக் குறுகலாக இருக்கும். கைக்குழி சிறியது, அக்குளை ஒட்டி உயர்ந்து நிற்பது. இந்தக் கைக்குழியைக் கண்டு அஞ்சிப் பலர் அதை அகலப்படுத்திவிடுகிறார்கள். உண்மையில் கைக்குழி உயர்ந்திருந்தால்தான் கையைத் தூக்கும்போது கோட்டு முழுவதும் சேர்ந்து எழும்பாமல் இருக்கும். திருத்தும் வழியில் இவை எதுவும் கைகூடாது. அருங்காட்சியகக் கோட்டிலிருந்து எடுத்த வரைபடத்தைத் தம் அளவுக்குப் பெருக்கிக்கொள்வது மிகச் செம்மையான வழி. எனினும் வேறொருவரின் உடலுக்காக வெட்டப்பட்டதை நம் உடலுக்கு மாற்றும் தேர்ச்சி அதற்கு வேண்டும். ஆகையால் முதல் கோட்டுக்கு, அக்கால உடைகளுக்கென்றே விற்கப்படும் ஆயத்த மாதிரியை வாங்கி, காடாத் துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்து, தோளையும் முதுகையும் சரிசெய்த பிறகு கம்பளியில் கைவைப்பதுதான் அறிவுடைமை. காடாவில் தைத்துப் பார்க்கும்போது உள்ளே சட்டையும் இடைச்சட்டையும் அணிந்திருக்க வேண்டும்.

கைத்தையலா, இயந்திரமா என்ற வாதம் இத்துறையில் ஓய்வதேயில்லை. எலியாஸ் ஹோவின் பூட்டுத்தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை கிடைத்ததே 1846-இல் என்பதால், அசல் கோட்டுகள் முழுவதும் கையால் தைக்கப்பட்டவை என்பதில் ஐயமில்லை. அதற்காக எல்லாத் தையலையும் கையால் போடத்தான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். முதுகின் நடுத்தையல், கையின் நீளத்தையல், லைனிங்கின் உள்தையல் ஆகியவை வெளியே தெரியாதவை. இயந்திரம் அவற்றைக் கெடுப்பதில்லை. மாறாக, மார்புப் பட்டையின் ஓரத்தில் இயந்திரத்தால் மேல்தையல் ஓட்டினால், துணி அழுந்திப் பள்ளம் விழுந்து, இன்றைய கோட்டாகவே மாறிவிடும். அங்கே தேன்மெழுகு தேய்த்த நூலால் மிகச் சிறிய புள்ளிகளாகப் பின்தையல் போட வேண்டும். காஜாக்களும் அப்படியே: இயந்திரக் காஜாவைப் போல் கண்ணை உறுத்துவது வேறொன்றில்லை. மார்பின் உள்ளே வைக்கும் லினன் கேன்வாஸைப் பசை தடவிய பக்ரம் கொண்டு ஒட்டுவதைவிடக் கையால் தைப்பதே நல்லது. ஒட்டியது காலப்போக்கில் குமிழியிடும், மார்பும் அட்டை போல் விறைக்கும்.

வெள்ளைக் கரைக்கு, கடையில் விற்கும் கயிறு பொதிந்த பைப்பிங்கைவிட, வெள்ளைக் கம்பளியை மெல்லிய பட்டையாக வெட்டி விளிம்புக்கு உள்ளே வைத்துத் தைப்பது பொருத்தமானது. வெட்டிய கம்பளி விளிம்பு மீண்டும் இங்கே கைகொடுக்கிறது.

லேஸைக் கைவிட மனமில்லாதவர்களுக்கும், 1812-க்குப் பிந்தைய லெப்டினன்ட்டைத் தைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். அன்றைய பொன் லேஸ், பட்டு நூலின் மேல் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி நெய்தது. காஞ்சிபுரம் சேலையின் நல்ல ஜரிகையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் கனமும் அடங்கிய ஒளியும் தெரிந்திருக்கும். உலோகம் பூசிய பாலியெஸ்டர் லேஸ் அதற்கு நேர்மாறாக எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி மின்னும், இஸ்திரிச் சூட்டில் உருகும். அசல் கம்பி லேஸ் கோட்டு முழுவதற்கும் கட்டுப்படியாகாது என்றால், போலி லேஸைக் கோட்டெங்கும் ஓட்டுவதைவிட, தோளணி ஒன்றை மட்டும் கம்பிக் குஞ்சத்துடன் நல்லதாக வாங்கி, 1812-க்குப் பிந்தைய லெப்டினன்ட்டின் வலத் தோளில் வைப்பது எவ்வளவோ மேல்.

பொத்தான்கள் இருபதுக்கும் மேல் வேண்டியிருக்கும். வார்ப்பில் நங்கூரமும் கயிறும் கூர்மையாக விழுந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள்; பின்னாளில் ஒன்று அறுந்து தொலைந்தால் அதே அச்சில் கிடைப்பது அரிது.