டாவோர் எக்ஸ்95-க்கு எந்த ஸ்கோப்: ஏகாக் டிஏ31-ஆ, டிஏ11-ஆ?

டாவோர் எக்ஸ்95 ஒரு புல்பப் துப்பாக்கி; அதாவது அதில் விசைக்குப் (ட்ரிகர்) பின்னால்தான் இயங்குபகுதி இருக்கிறது. கன்னம் அதன் மேல் பதிவதால் தலை பின்தங்கிவிடுகிறது. ஸ்கோப்பை மாட்டும் பள்ளங்கள் கொண்ட பட்டையான ரெயில் முன்னாலேயே முடிந்துவிடும். ஆகவே இங்கே முதலில் பார்க்க வேண்டியது உருப்பெருக்கம் அல்ல, கண்ணுக்கும் பின்லென்சுக்கும் உள்ள தூரம், அதாவது கண்தூரம்.

ட்ரிஜிகான் நிறுவனத்தின் ஏகாக் வரிசையில் டிஏ31 (4x32: 4 மடங்கு உருப்பெருக்கம், 32 மி.மீ. முன்லென்ஸ்) அருமையான கண்ணாடி. ஆனால் அதன் கண்தூரம் வெறும் 38 மி.மீ. ரெயிலின் கடைசிப் பள்ளத்தில் மாட்டினாலும் கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் விலகினால் ஓரத்தில் கறுப்பு வளையம் விழும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இது ஒத்தே வராது.

டிஏ11 (3.5x35) 61 மி.மீ. தருகிறது. வெளிவரும் ஒளிவட்டமும் 8-க்குப் பதில் 10 மி.மீ.; தலை சற்றே நகர்ந்தாலும் படம் மறைவதில்லை. எடையும் நீளமும் கூடுதல்தான், இருந்தாலும் எக்ஸ்95-க்கு இதையே தயங்காமல் சொல்வோம்.

உருப்பெருக்கம் 1 முதல் 6 மடங்கு வரை மாறும் ஸ்கோப்புகளில் கண்தூரம் பொதுவாக 90 மி.மீ.க்கு மேல். சிக்கல் ஸ்கோப்பை ரெயிலில் பிடிக்கும் மவுண்ட்டில்: ஏஆர்-15 துப்பாக்கிக்கான கான்டிலீவர் மவுண்ட் (ஒருபக்கம் நீண்டது) ஸ்கோப்பை முன்னே தள்ளும். அதைத் திருப்பி மாட்டுங்கள், அல்லது நேர் மவுண்ட் வாங்குங்கள்.

பொருத்தும்போது துப்பாக்கி காலியா என்று சரிபார்த்து, கண்ணை மூடித் தோளில் வைத்துப் பிறகு திறங்கள். வளையம் தெரிந்தால் ஒரு பள்ளம் நகர்த்துங்கள்; பிக்காட்டினி ரெயிலில் அது 10 மி.மீ. உருப்பெருக்கம் மாறும் ஸ்கோப்பை உச்ச அளவில் வைத்தே சோதியுங்கள், அங்கேதான் இடம் குறுகும்.