புதுமைதாசனுக்கு இரண்டு நாள்: நூலகமா, தேக்காவா, புளோக்கின் கீழ்த்தளமா?

ஏப்ரல் தமிழ்மொழி விழாவை ஒட்டிச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் புதுமைதாசனுக்கே ஒதுக்கலாம் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் முடிவாகிவிட்டது. எங்கே நடத்துவது என்பதில்தான் மூன்று கட்சிகள்: தேசிய நூலகம், லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா, அடுக்குமாடிப் புளோக் ஒன்றின் திறந்த கீழ்த்தளம்.

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம் என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அரங்கு, ஒலிபெருக்கி, குளிர்சாதனம் எல்லாம் தயார். எம்ஆர்டியிலிருந்து நடக்கும் தூரம். சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவாக்கிய 2015 திட்டத்தின் பலனும் நூலக வாரியத்திடமே இருக்கிறது. கண்காட்சி வைக்க இதைவிடத் தோதான இடமில்லை. ஆனால் கருத்தரங்கு என்றால் வழக்கமாக வருபவர்களே வருவார்கள். வானொலியில் அவர் நாடகத்தைக் கேட்டுச் சிரித்த தாத்தா பாட்டிகளை அங்கே பார்ப்பது அரிது.

தேக்காவில் மரபு நடை, அதாவது பழைய தெருக்களைக் கூட்டமாக நடந்து சுற்றிப் பார்ப்பது, கேட்க அழகாக இருக்கிறது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம், பசித்தால் திரும்பிய பக்கமெல்லாம் சாப்பாடு. ஞாயிறு மாலை சிராங்கூன் ரோட்டுக் கூட்டத்தில் முப்பது பேரை ஒன்றாக நடத்திப் போவது பெரும்பாடு என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்த எழுத்தாளருக்கும் அந்தத் தெருக்களுக்கும் என்ன தொடர்பு? 1952இல் தமிழர் திருநாளுக்கு ஊரையே திரட்டிய தமிழ் முரசு நிறுவனர் கோ. சாரங்கபாணிக்கு விழா என்றால் நடைக்குத்தான் முதலில் கை தூக்குவேன். புதுமைதாசனின் களம் வேறு.

அவருடைய ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ 1969-70இல் வானொலியில் வந்த தொடர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கி, கம்பத்து (கிராமத்து) மக்கள் மாடி வீடுகளுக்குக் குடியேறிக்கொண்டிருந்த காலம். அந்த வாழ்க்கையை நகைச்சுவையாகச் சொன்ன நாடகத்தை ஓர் அடுக்குமாடியின் அடியிலேயே வாசிப்பதுதான் பொருத்தம். என் வாக்கு கீழ்த்தளத்துக்கே.

எப்படிச் செய்யலாம்? தூணுக்குத் தூண் ஒரு துணியைக் கட்டி, வாசிப்பவர்களை அதன் பின்னால் உட்கார வைக்கலாம். முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், பழைய வானொலிப் பெட்டி ஒன்று. முகம் தெரியாமல் குரல் மட்டும் வரும். அன்று வீட்டில் கேட்டதுபோலவே கேட்கலாம். கடைக்குப் போய்த் திரும்புகிறவர் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு காட்சியாவது காதில் விழும். அரங்கில் இது நடக்காது.

சிக்கலும் இங்கேதான் அதிகம். கீழ்த்தளத்தில் எதிரொலி கூடுதல். ஒலிபெருக்கியை முதல் நாளே பொருத்திக் கேட்டுப் பார்க்க வேண்டும். வார இறுதியில் மலாய்த் திருமணங்கள் இடத்தை முன்கூட்டியே எடுத்திருக்கும். பக்கத்துப் புளோக்கில் துக்கம் நேர்ந்தால் மைக் பிடித்துச் சிரிப்பு நாடகம் வாசிப்பது முறையல்ல; அன்று சமூக மன்றத்துக்கு மாறிக்கொள்ள மாற்று ஏற்பாடு அவசியம். ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 முதல் இருப்பதால் எந்தப் புளோக்கிலும் நம்மவர் சிதறித்தான் இருப்பார்கள். நான் இதைக் குறையாக நினைக்கவில்லை. சீன, மலாய் அண்டைவீட்டாருக்காகக் கதைச்சுருக்கத்தை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தால் அவர்களும் நின்று கேட்பார்கள்.

ஆகவே சனி மாலை கீழ்த்தளம். ஞாயிறு காலை நூலகத்தில் சிறிய கண்காட்சி, மாணவர்களுக்கு வானொலி நாடகம் எழுதும் பயிலரங்கு. அவர் 300க்கும் மேற்பட்ட வானொலி நாடகங்கள் எழுதியவர், 2008இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர் என்பதைச் சொல்ல அந்த இடமே சரி. நடையை இந்த ஆண்டு விட்டுவிடலாம்.

நகர மன்றத்துக்கு இட விண்ணப்பம் இந்த மாதமே போக வேண்டும். நாடகத்தின் உரிமை யாரிடமோ அவரிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்குவது அதற்கும் முந்திய வேலை. நிகழ்ச்சி உரிமம் தேவையா என்று தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையமான ஐஎம்டிஏவிடம் கேட்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.