தொடை உரசாமல் 18 கிலோமீட்டர்: மூன்று வருட ஷார்ட்ஸ், டைட்ஸ் அனுபவம்

தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் ஓடுவேன், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். விடியற்காலை நாலே முக்காலுக்குக் காசிமேட்டில் தொடங்கி, கடலோரமாகவே திருவொற்றியூரைத் தாண்டிப் போய்த் திரும்பினால் 18 கிலோமீட்டர். அந்த நேரத்தில் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலச் சத்தம் கேட்கும், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கடல் காற்று வீசினாலும் வியர்வை காயாது. காற்றே ஈரமாக இருந்தால் எங்கே காய்வது? இரண்டாவது கிலோமீட்டரில் நனைந்த துணி வீடு திரும்பும்வரை நனைந்தேதான் இருக்கும். நம் பக்கத்துக்கு எதை வாங்குவதானாலும் இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு இது புரிய முதல் அரை மாரத்தான் (21 கிலோமீட்டர் ஓட்டம்) ஆனது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 200 ரூபாய்க்கு வாங்கிய காட்டன் ஷார்ட்ஸில் ஓடினேன். வீட்டில் போட்டுக்கொள்ள அவ்வளவு சுகமான துணி அது. 13-வது கிலோமீட்டரில் தொடை உள்பக்கம் எரிய ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து முதல் சொம்புத் தண்ணீர் ஊற்றியபோது கத்தியேவிட்டேன். தோல் இரண்டு பக்கமும் உரிந்து சிவந்திருந்தது. நான்கு நாள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, ஆபீஸில் எழுந்து நடக்கவே கஷ்டப்பட்டேன்.

அதற்கப்புறம் ஒரு வேலை செய்தேன். ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஷார்ட்ஸைச் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். காய்ந்தபோது 190 கிராம் இருந்த காட்டன், 18 கிலோமீட்டர் ஓடி வந்ததும் 400-ஐத் தாண்டியிருந்தது. பருத்தி நூல் தண்ணீரைத் தனக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் நூல் அப்படி உறிஞ்சாது, நைலானும் பருத்தியை விடக் குறைவாகவே உறிஞ்சும். கனத்துத் தொங்கும் ஈரத் துணியும் வியர்வை உப்பும் சேர்ந்து ஒவ்வொரு அடிக்கும் தோலைத் தேய்த்தால் என்ன ஆகும்?

அடுத்து வாங்கியது உள்ளே லைனர், அதாவது ஜட்டி போன்ற உள்துணி, வைத்த பாலியஸ்டர் ஷார்ட்ஸ். எடை குறைவு, சீக்கிரம் காய்ந்தது. 10 கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. 15-ஐத் தாண்டினால் மட்டும் வலது தொடையில் ஒரே கோடாக எரியும். எட்டு மாதம் வாஸ்லின் தடவிச் சமாளித்தேன். ஒருநாள் எங்கள் தெரு டைலர் அக்காவிடம் நாடா மாற்றக் கொடுத்தபோது, அவர் அதை உள்பக்கம் திருப்பி, கட்டைவிரலால் தையல் மேலேயே தடவிக்கொண்டு போனார். "இங்க கை வச்சுப் பாரும்மா. துணிய ரெண்டு மடிப்பா மடிச்சு வரப்பு மாதிரி தச்சிருக்கான். இதுதான் உன்ன அறுக்குது" என்றார். சரியாக எரியும் அதே இடம். அன்றிலிருந்து எந்தக் கடையில் எதை எடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பிக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறேன். விலைச்சீட்டு அப்புறம்தான்.

இப்போது போடுவது ஹாஃப் டைட்ஸ். நைலானும், ரப்பர் போல இழுபடும் ஸ்பான்டெக்ஸ் நூலும் கலந்தது, முட்டிக்கு ஒரு சாண் மேலே முடியும். தையல் தட்டையாக, துணியோடு துணியாகப் படிந்திருக்கிறது. முக்கியமாக, கவட்டில் நாலு தையலும் ஒரே புள்ளியில் சந்திக்காதபடி தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். தொடைக்கும் தொடைக்கும் நடுவே உரசுவது துணியும் துணியும்தான், தோல் தப்பித்துவிடுகிறது. தசையை இறுக்கிப் பிடித்தால் வேகம் கூடும் என்று அட்டையில் போட்டிருந்தது. என் வேகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. புண் இல்லாமல் வீடு திரும்புகிறேன், எனக்கு அது போதும்.

அளவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மூச்சு முட்டுமே என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் தொடையில் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கமே அறுக்கும். போட்டுப் பார்க்கும் அறையில் நேராக நின்று கண்ணாடி பார்த்தால் போதாது. முட்டியை இடுப்பு உயரத்துக்கு இருபது முறை தூக்குங்கள், முழுசாகக் குந்தி எழுந்திருங்கள். கீழ் விளிம்பு மேலே சுருண்டால் அந்த அளவு உங்களுக்கு வேண்டாம். குந்தும்போது வெளிச்சத்தில் துணி ஊடுருவித் தெரிகிறதா என்றும் பாருங்கள். விளிம்பு மேலே ஏறாமல் பிடித்துக்கொள்ள சிலிகோன் பட்டை வைத்த மாடல் ஒன்றும் போட்டுப் பார்த்தேன். நம் புழுக்கத்துக்கு அந்த இடத்தில் அரிப்பு எடுத்தது, ஒதுக்கிவிட்டேன்.

உள்ளே காட்டன் ஜட்டி போட்டால் டைட்ஸ் வாங்கியதே வீண். அது நனைந்து, அதன் எலாஸ்டிக் ஓரம் அறுக்கும். தையல் இல்லாத நைலான் உள்ளாடைக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை போனது. பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நாட்களில் தளர்வான ஷார்ட்ஸில் பேட் நகர்ந்து, அதன் ஓரமே புண்ணாக்கிவிடும். உடம்போடு ஒட்டிய கறுப்பு டைட்ஸில் அது இடம் மாறுவதில்லை. அந்த நாட்களிலும் நான் ஓட்டத்தை விடாமலிருக்க இதுதான் காரணம்.

ஒட்டிய உடுப்போடு எங்கள் தெருவில் எப்படி ஓடுவது என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. அம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலில் மேலே மெல்லிய ஷார்ட்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தேன். ஆறு மாதம் கழித்து, ஒரு மே மாத ஞாயிறு, புழுக்கம் தாங்காமல் அதை விட்டுவிட்டேன். மீன் கூடையோடு வழக்கமாக எதிரே வரும் ஆயா அன்றைக்கும் "இன்னாம்மா, இன்னிக்கு லேட்டு?" என்றுதான் கேட்டது.

பராமரிப்பு சுலபம். வீட்டுக்கு வந்ததும் டைட்ஸோடு குளித்துவிடுவேன். அப்படியே காயவிட்டால் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்து, அடுத்த ஓட்டத்தில் மணலைப் போலத் தேய்க்கும். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம், நூல் மேல் படிந்து வியர்வை பரவுவதைத் தடுக்கும். வெந்நீரும் மொட்டைமாடி வெயிலும் ஸ்பான்டெக்ஸின் இழுவையைக் கெடுத்துவிடும். உள்பக்கம் திருப்பி, நிழலில் போடுங்கள். இரண்டை மாற்றி மாற்றிப் போட்டேன். முதலாவது 14 மாதம் உழைத்தது, இரண்டாவது 19 மாதம். விளிம்பு தானாக மேலே ஏற ஆரம்பித்தால் அதன் ஆயுள் முடிந்தது.

பாக்கெட்டில்தான் எனக்கு இன்னும் குறை. வீட்டுச் சாவியும் 50 ரூபாயும் வைக்க இடம் போதும், போன் வைத்தால் இடுப்பு கீழே இறங்கும். போன மாதம் பழைய டைட்ஸை டைலர் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேயாத பின்பக்கத் துணியை வெட்டி, ஓவர்லாக் மெஷினில், புதியதன் பக்கவாட்டில் ஒரு பாக்கெட் வைத்துக் கொடுத்தார். 40 ரூபாய் வாங்கினார். மூன்று ஞாயிறு ஓடிவிட்டேன், போன் ஆடவில்லை.